தெற்கு ஜன்னல்

பத்திரிகைக்கு வேண்டியது மேசை ஒன்று, கை ஒன்று, முகம் ஒன்று.
கூடவே ஒரு கேள்வி. கட்டிடக் கலைஞரோ தையல்காரியோ
எல்லோருக்கும் அதேதான்:
எங்கிருந்து வருகிறது உங்களுக்கு?

மொந்தெவிதேயோ, துராஸ்னோ தெரு.
பல் மருத்துவர் காலி செய்துபோன மாடி.
நிபியா எச்செபார்னே கதவைத் திறந்தபோது
தரையில் ஈரம் இன்னும் காயவில்லை.
துடைத்திருக்கிறாள், எனக்காக.
தூரிகைகள் உயர வரிசையில்
இன்ஸ்பெக்டர் வருகிற நாளின் பிள்ளைகளாக நின்றன.

நடுவே அந்த நாற்காலி.
மிதித்தால் பெருமூச்சு விட்டுச் சாய்கிற பச்சை நாற்காலி.
"வாடகையோடு வந்தது.
தூக்க ஆறு பேர் வேண்டும்.
எனக்குத் தெரிந்த ஆறு பேருக்கு
ஒரே நாளில் முதுகு நன்றாக இருந்ததில்லை."

குழந்தைகள் புத்தகத்துக்குக் கரடி வரைகிறாள்.
இருபத்தேழு வருடமாகக் கரடி.
இந்த நாட்டுக் காட்டில் ஒரு கரடி கிடையாது.

எங்கள் பக்கம் வெயில் வடக்கு வழியாகப் போகும்.
தெற்கு ஜன்னல் யாரையும் முகத்தில் அறையாது;
காலையில் குழைத்த சாம்பல் நிறம்
மாலையிலும் அதே சாம்பலாக இருக்கும்.
அந்த ஒரு ஜன்னலுக்காக
சுவரில் ஊறிய கிராம்பு நெடியையும்
சேர்த்தே வாங்கிக்கொண்டாளாம்.

மேசையை எடுத்தேன். பொய்.
கையை எடுத்தேன்.
நகத்தடி நீலத்தைக்கூடச் சுரண்டியிருந்தாள்.
முகம் பாஸ்போர்ட்டில் ஒட்டத்தான் ஆகும்.

கேள்வியைக் கேட்டேன்.
மாத்தேயில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சி, என்னிடம் நீட்டி
"நதி" என்றாள்.
"சின்ன வயசு" என்றாள்.
சொன்னது தனக்கே புளித்ததுபோல் நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மணி அடித்தது.
கன்னத்தைப் பொத்தியபடி
வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள்,
துறைமுகத்தில் வேலை போலிருக்கிறது, பூட்ஸ் முழுக்கத் துரு.
டாக்டர்?
"போய்விட்டார். ஒன்பது வருடம் ஆச்சு."
புது விலாசத்தை எழுதித் தந்தாள்
மிக, மிக மெதுவாக.
ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை நிமிர்ந்து
அவரைப் பார்த்தாள்.
அத்தனை பெரிய உடம்பு
வலிக்குள் எப்படி மடங்கி உட்கார்ந்திருக்கிறது,
காது எப்படிப் பின்னால் போகிறது என்று.

கதவு சாத்தியதும் ஓடினாள் இழுப்பறைக்கு.
அறை முழுவதும் அதற்குள்தான் இருந்திருக்கிறது:
பிதுங்கிய குழாய்கள், கடித்த பென்சில்கள், பாதி பிஸ்கோச்சோ,
கோட்டைத் திருப்பிப் பார்க்கும் பல் டாக்டர் கண்ணாடி,
கட்டாத மின்கட்டண ரசீதுகள்,
அவற்றின் முதுகெல்லாம் கரடி.
கன்னம் பொத்திய கரடி, பொய்யாகச் சிரிக்கிற கரடி,
முதல் படியிலேயே வலி போய்விட்டதாகச் சொல்லித்
திரும்பப் பார்க்கிற கரடி.

"மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள்.
பெயர்ப்பலகையை நான் கழற்றவில்லை.
இதை எழுதிவிடாதே."

எழுதவில்லை. (இப்போது எழுதுகிறேன்.)

"நீ கொஞ்சம் உட்காரேன்," என்றாள் பென்சிலோடு,
"வாய் உள்பக்கம் வேண்டும். அவரிடம் கேட்க முடியாது."
சாய்ந்தேன். யாரும் சொல்லாமலே
வாய் திறந்துகொண்டது.
நான் படம் எடுக்க வந்தவன்.
கேமரா மூலையில் மூடி போட்டபடி கிடந்தது.
கூரையில் ஒரு ஈரக்கறை;
வலியில் கிடந்த எத்தனை பேர்
அதைத் தீவென்றும் ஆடென்றும் பார்த்திருப்பார்கள்.

பத்திரிகையில் நதியும் சின்ன வயசும் வந்தன,
சுத்தமான மேசையோடு.

புத்தகம் அடுத்த குளிர்காலத்தில் வந்தது.
கடையில் நின்றபடி புரட்டினேன்.
பதினான்காம் பக்கம், கரடி வாய் பிளந்து கிடக்கிறது,
காது பின்னால், துருப்பிடித்த பூட்ஸ்,
கீழ்வரிசை இடது கோடியில்
என் உடைந்த கடைவாய்ப் பல்.

வாங்கினேன்.
அந்தப் பல்லை இன்னும் யாரிடமும் காட்டவில்லை.