கந்தகக் கிரீடம்: கடைசி வெள்ளைத் தாளில்

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
'செம போர்' என்று பென்சிலால் எழுதியவருக்கு:
இன்னும் ஆறு பக்கம் பொறுத்திருக்கலாம் நீங்கள்.
நாற்பத்தொன்பதில்தான் அந்தப் பெண்
பல்லால் கயிற்றை அறுக்கிறாள்.

மஞ்சக்குப்பம் நூலகத்தில்
'சிறுவர்' என்று ஒட்டிய அலமாரியில் கிடந்தது.
எனக்கு இருபத்து மூன்று.
சிப்காட்டில் இரவு ஷிஃப்ட்,
மணிக்கொரு பாட்டில் கழிவுநீர் எடுத்து
எண் எழுதி வைக்கிற வேலை.
"தங்கச்சிக்கா?" என்றார் நூலகர்.
ஆமாம் என்றேன்.
எனக்குத் தங்கச்சி கிடையாது.

முதலில் வரைபடம்.
ஏழு நாடு, நாலு நதி, ஒரு பனிமலை.
இத்தனை நதியில் ஒன்றுகூட
கார்த்திகையில் வீட்டுக்குள் வரவில்லை.
கெடிலக்கரையில் பிறந்த யாரும்
இதை நம்ப மாட்டார்கள்.
அரண்மனை இருக்கிறது, ஆயுதக் கிடங்கு இருக்கிறது.
அவ்வளவு பேருக்கும் சமைத்தவர்கள்
எங்கே படுத்தார்கள் என்று தேடினேன்.
பைண்டிங் மடிப்பில் போயிருக்கலாம்.

பிறகு அந்த யாளி.
எரிமலைக்கு அடியில் உறங்குகிறது.
மூச்சு விட்டால்
'இனம் புரியாத துர்நாற்றம்' பரவுகிறதாம்.
இனம் புரியாத!
எழுத்தாளரே,
ஒரு நாள் அழுகிய முட்டை,
ஒரு நாள் நகப்பாலிஷ்,
வெடித்த பலாவைப் பெட்ரோலில் கழுவின மாதிரி
விடியக்காலை இரண்டரைக்கு மட்டும் ஒன்று.
எங்கள் தெருவில் மூன்றாவது படிக்கிற பிள்ளை
மூக்கைச் சுருக்கியே
இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லும்.
யாளியோடு குடியிருப்பவர்களுக்கு
இனம் புரியும்.

அதையும் மன்னித்தேன்,
பதினொன்றாம் அத்தியாயத்துக்காக.
சேந்தினி முதன்முதலாக நெருப்பைக் கூப்பிடுகிறாள்.
வரவில்லை.
திரும்பக் கூப்பிடுகிறாள்.
வரவில்லை.
பசிக்கிறது. உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறாள்.
(மல்லாட்டை என்று மாற்றித்தான் படித்தேன்.)
ஒரு முழு அத்தியாயத்துக்கும் அவ்வளவுதான்.
கம்பெனி வேனில்,
பச்சையாங்குப்பம் தாண்டும்போது
இறுக்கமான வளையல் ஒன்று
உள்ளே எங்கோ கழன்றது.

அடையாள அட்டையைப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்துவிட்டு
கேட்டில் திருதிருவென்று நின்றேன்.
செக்யூரிட்டி ஞானசீலன் அண்ணன்
புத்தகத்தைப் பிரித்து அட்டையை எடுத்துக்கொண்டு
"நூத்தி அம்பத்தெட்டு, மறந்துடாத" என்றார்.

ஆனால் 'தேர்ந்தெடுக்கப்பட்டவள்' என்ற சொல்
நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வருகிறது.
எண்ணினேன்.
எண்ணுவதுதானே என் பிழைப்பு.
என்னையும் தேர்ந்தெடுத்தார்கள்,
பதினோரு பேரில், ஒரு காண்ட்ராக்டர்.
நெற்றியில் ஒளி எதுவும் வரவில்லை.
பி.எஃப். எண் வரவே ஏழு மாதம்.

முடிவைச் சொல்லக் கூடாதுதான், சொல்கிறேன்:
யாளியைக் கொன்றுவிடுகிறாள்.
ஒரே பத்தியில் காற்று சுத்தமாகிறது.
கிரீடத்தை இளவரசன் தலையில் வைத்துவிட்டு
அவன் வலப்பக்கம் நிற்கிறாள்.
கயிற்றைப் பல்லால் அறுத்தவள்
வலப்பக்கம் நிற்கிறாள்!
புத்தகத்தைப் பைக்குள் போட்டு
இரண்டு நாள் அதோடு பேசவில்லை.

இன்னொன்று. கேட்கக் கொஞ்சம் கூசுகிறது.
யாளி செத்த மறுநாள்
எரிமலை அடியில் வேலை பார்த்தவர்களுக்கு
கூலி யார் கொடுத்தார்?
நான் எதற்குக் கேட்கிறேன் என்று
உங்களுக்குப் புரியும்.

மற்றபடி, படிக்கலாம்.
நூற்று எழுபதாம் பக்கத்தில்
'பயமாக இருந்தது, ஆனாலும் பசித்தது' என்ற வரிக்குக் கீழே
இரண்டு பென்சில் கோடுகள்.
ஒன்றுதான் என்னுடையது.
இரண்டாம் பாகம் வந்தால்
எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்,
தங்கச்சிக்கு என்று.

பதினொன்றாம் அத்தியாயத்தின் ஓரங்களில்
மஞ்சளாக ஒரு கறை தெரியும்.
சாம்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான்
தொட்டேன்.