வீட்டுப்பாடம், ஏழாவது வாக்கியம்

ஈ என்றால் கொடு என்றுதான் பள்ளியில் படித்தேன்.
ஜப்பானில் ஈ என்றால் சொல்.
கக்கேரு என்றால் மாட்டு, தொங்கவிடு.
சேர்த்தால் ஈ-கக்கேரு:
சொல்லத் தொடங்கிப் பாதியில் விடுவது.
ஒரு முனையில் மட்டும் கிளிப் போட்ட
ஈரவேட்டி என்று
நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

புதுவயலில் இரவு எட்டு மணி,
செல்போன் திரையில் ஒகாவா சென்செய்.
அவருக்கு அங்கே பதினொன்றரை.
உதாரணம் கேட்டிருந்தார். எழுதியிருந்தேன்:
'நீகத்தா வேலை பற்றி அப்பாவிடம்
சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டேன்.'

சிவப்புக் கோடு.
"பொன்னழகு-சான், வாயைத் திறந்தீர்களா?"
இல்லை.
"முதல் அசையாவது?"
இல்லை. அவர் டிவியில் மழைச்செய்தி பார்த்தார்.
நான் நின்றேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போனேன்.
"அப்படியானால் இந்த வினை உங்களுக்கு இல்லை.
ஒரு சொல்லாவது காற்றுக்கு வந்திருக்கவேண்டும்.
உங்களுடையது ஈ-சொபிரெரு.
நேரம் பார்த்துப் பார்த்துச்
சொல்லாமலே போய்விடுவது."

எவ்வளவு கறாரான மொழி.
தமிழில் என்றால்
'சொல்ல வந்தேன்' என்று
வராமலே சொல்லித் தப்பித்திருப்பேன்.
சொல்லிப்பார்த்தேன், சொல்லிவைத்தேன், சொல்லித்தொலைத்தேன்,
எங்கள் வினைக்கும் வால் உண்டு.
அதற்காக யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை.

வெள்ளிக்குள் திருத்தி அனுப்பவேண்டும்.
அடித்துவிட்டு மற்ற வினையை எழுதியிருக்கலாம்,
இரண்டு நிமிட வேலை.

வியாழன் காலை மில்லுக்குப் போனேன்.
அவித்த நெல்லின் ஆவி, காதை அடைக்கும் பெல்ட்.
அடைக்கலம் என்கிற என் அப்பா
இருபது வருஷமாக பாய்லர் பக்கம் நின்று
யார் எதைச் சொன்னாலும் 'என்னது?' என்பவர்.

"அப்பா, ஜனவரியில நான்..."

எலிவேட்டர் ஓடத் தொடங்கியது.
"என்னது?"
உமி பறந்து வந்து உதட்டில் ஒட்டியது.
ஒன்றுமில்லை என்று கையாட்டினேன்.

எடைமேடை ஓரம், ஒரு லாரியின் நிழலில் நின்று
பழைய வாக்கியத்தையே
ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்ப அனுப்பினேன்.
கூடவே ஒரு வரி:
இப்போது சரி, சென்செய்.

பதில் வருவதற்குள் கரண்டு போனது.
பெல்ட் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நிற்க
மில்லுக்குள் புறா சிறகடிப்பது கேட்டது.
உள்ளேயிருந்து அப்பா,
மெஷின் ஓடுகிற நினைப்பில்
ஊருக்கே கேட்கும் குரலில்:
"ஜனவரியில என்னடி?"