விரற்கடை

டிசம்பரில் இந்த ஊர் மூன்று மடங்காகிவிடும்.
உள்நாட்டு வெயிலுக்குத் தப்பி
விண்ட்ஹூக்கிலிருந்தும் ஒச்சிவரோங்கோவிலிருந்தும்
உப்பால் போட்ட சாலையில் வருகிறார்கள்.
முன் பம்பரில் நிமிர்ந்த தூண்டில் கழிகளோடு
ஒவ்வொரு வண்டியும்
மீசை முளைத்த இறால்.

கடல் இங்கே குளிக்க ஆகாது.
கால் நனைத்தால் கடைவாய்ப் பல் கூசும்.
பத்து மணி வரை மூடுபனி.
அலை எங்கே என்பதைக்
காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் வேலை அளப்பது.
பச்சைச் சட்டை, ரசீதுப் புத்தகம்,
முனை தேய்ந்த அலுமினியப் பட்டை.
மூக்கை முட்டவைத்து, வாலை நீவிவிட்டுப் படிப்பேன்.
நாற்பதுக்குக் கீழே என்றால் கடலுக்கு.
அதற்கு மேல் பேச்சில்லை.

பேசுவார்கள்.
வெயிலில் உன் பட்டை நீண்டிருக்கும் என்றார் ஒருவர்,
மூடுபனிக்குள் நின்றுகொண்டு.
இன்னொருவர் ஐம்பது டாலரைக்
கணவாய்த் துண்டின் அடியில் வைத்து நீட்டினார்.
நாறியது, இரண்டும்.

தீல்மன் அந்த ரகமில்லை.
வருஷம் முழுக்க ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப்
பழுது பார்க்கிறவர்.
தண்ணீர் இருக்கிறதா என்று
குழாயில் காது வைத்துக் கேட்கிற பழக்கம்
கடற்கரையிலும் போகவில்லை;
நரம்பை விரலில் சுற்றித் தலை சாய்த்து நிற்பார்.
ஆறு நாள்
கணவாயை ரப்பர் நூலால் சுற்றிச் சுற்றி வீசினார்.
ஆறு நாளும் கடல்நாய் தின்றது.

ஏழாம் நாள் கழி வளைந்தது.
கத்தாளை. வெண்கல முதுகு.
மணலில் கிடந்து
அடிவயிற்றிலிருந்து உறுமியது, தவளை மாதிரி.
பக்கத்து வண்டியின் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.
யாரோ அடுப்புக் கரியைக் கிளறினார்கள்.

ஒரு விரற்கடை குறைவு.

அவர் பட்டையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
"உவசூவா, இன்னொரு தடவை."
அளந்தேன்.
அதற்குள் வளர்ந்துவிடுமா என்ன.

பூட்ஸோடு இறங்கினார்.
இடுப்பளவு நீரில்
இரு கையாலும் அதன் தலையை அலைக்கு எதிரே பிடித்து
செவுள் அசையும் வரை நின்றார்.
சாண் ஏறினால் முழம் தள்ளியது கடல்.
விட்டார்.
விழுந்தார்.
தொப்பி போயிற்று.
எழுந்து வந்து, தாடை நடுங்க,
"ராத்திரிக்குள் அது வளர்ந்துவிடும்" என்றார்.
நான் புத்தகத்தில் எழுதினேன்:
கத்தாளை ஒன்று. விடப்பட்டது.

இரவு
சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
அதே இடத்துக்குப் போனேன்.
அக்டோபரிலிருந்து சம்பளம் வரவில்லை,
வீட்டில் தங்கையின் இரண்டு பையன்கள்,
மாவுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்பதெல்லாம்
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாத விஷயங்கள்.
தூரத்தில் ஒரு நரி
மீன் வெட்டும் மேசையை நக்கிக்கொண்டிருந்தது.
அதை யாரும் அளப்பதில்லை.

கடித்தது.
இழுத்தேன்.
மடியில் கிடந்து உறுமியது.

அதே மீனா?
கத்தாளைகளுக்கெல்லாம் ஒரே முகம்.
டார்ச் அடித்தால் உதட்டில் ஓட்டை தெரிந்திருக்கும்.
அடிக்கவில்லை.

பட்டை கொண்டுவரவில்லை,
ஆனால் கையைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியாது.
என் சாண் எனக்குத் தெரியும்,
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை
சரியாக இருபது.
வயிறும் ஒரு சாண்தான் என்கிறார்கள்.
மூக்கிலிருந்து ஒன்று.
இன்னொன்று.
வால் முடிந்த பிறகும்
சுண்டுவிரல் நுனி
வெறும் இருட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கையைக்
கொஞ்சம்
தளர்த்தினால் போதும்.

காலையில் தீல்மன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
வண்டிக் கூரைமேல் அவருடைய பூட்ஸ்
வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது.
"வளர்ந்ததா?"
"இல்லை."
குனிந்து என் கால்களைப் பார்த்தார்.
முழங்கால் வரை நேற்றைய ஈரம்.

மூடுபனிக்குள் யாரோ
"மிஸ், இங்கே ஒரு மீன்" என்று கூப்பிட்டார்கள்.
பட்டையை எடுத்துக்கொண்டு
சத்தம் வந்த திசைக்கு நடந்தேன்.