வலது சிலிண்டர்

ராத்திரி தூக்கி நிறுத்திய பக்கெட்
விடிகையில் உப்பில் மூக்கு வைத்திருந்தது.
பம்பு போச்சு என்றான் நம்புமாலை.
வாலிநோக்கத்தில் எல்லோருக்கும் பம்புதான் போகும்.

ராடை முழுக்க நீட்டி முட்டுக் கொடுத்து
மேல் ஹோஸைக் கழற்றினேன்.
துளைக்கடியில் பால்பவுடர் டப்பா.
லீவரைப் பிடி. இன்னும் ரேஸ் பண்ணு.

இடதில் ஒரு பொட்டு இல்லை.
வலதில்
முதலில் குமிழ்
அப்புறம் நூலாக எண்ணெய்.
இத்தனை நாளும் வெளியே ஈரமே காட்டாமல்
உள்ளுக்குள்ளேயே ஒழுகியிருக்கிறது.

சீல் வாங்க வண்டி எடுத்தவனை நிறுத்தி
அவன் கட்டைவிரல் நகத்தை ராடில் ஓட்டினேன்.
மூன்று இடத்தில் தடுக்கியது.
இந்தக் குழி வழியாத்தான்
உப்பு உள்ளே போகுது.

புது ராடு எவ்வளவு?

சொன்னேன்.

டப்பா எண்ணெயைத் துண்டில் வடிகட்டி
மறுபடி டேங்கில் ஊற்ற ஆரம்பித்தான்.