அறுபது ஜோடி

டயர் கம்பெனியில் பயிற்சிக்கென்று
ஆறு வாரம் புடாபெஸ்ட் அனுப்பினார்கள்.
ஒரு ஞாயிறு ஆற்றோரம் போனேன்.
கரையில் வரிசையாகச் செருப்புகள்.
யாரோ குளிக்க இறங்கியிருக்கிறார்கள் என்றுதான்
என் கொக்கிரகுளத்துக் கண் முதலில் நினைத்தது.
அந்தக் குளிரில் யார் குளிப்பார்?

கிட்டப் போனால் இரும்பு.
வாய் பிளந்த பூட்ஸ், குதி சரிந்த ஒன்று,
என் உள்ளங்கைகூட இல்லாத ஒன்று.
அதற்குள் மழைத்தண்ணீர், ஒரு மிட்டாய்த் தாள்.
கூட வந்த தமாஷ் சொன்னான்
(நம் தோமா அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறார்):
யூதர்களை இங்கே நிறுத்திக் கழற்றச் சொன்னார்கள்.
அப்புறம் சுட்டார்கள்.
தோலுக்குச் சந்தையில் விலை இருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
பெரிய வெள்ளிக்கிழமை யூதர்கள்.
மும்மணி ஆராதனை, வேர்த்து ஒட்டுகிற சட்டை,
பிரசங்க மேடையிலிருந்து நீளும் விரல்.
ஒன்பது வயதில் பல்லைக் கடித்திருக்கிறேன்
முகம் தெரியாத ஒரு சனத்தின் மேல்.
வேதபாடப் பரீட்சையில் அதற்கு மார்க்கும் வாங்கினேன்.

பூட்ஸைக் கழற்றணுமா, போட்டபடி நிற்கணுமா?
மேலத்தெரு முக்கு வந்ததும் அப்பா
செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்குவார்.
வெகுகாலம் அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.
நான் கழற்றவில்லை.
குனிந்து லேசை இறுக்கிக் கட்டினேன்.

இந்தப் பெரிய வெள்ளி பாளையங்கோட்டையில்
பாடம் வாசிக்கிற முறை எனக்கு.
அந்தச் சொல் வந்த இடத்தில் நாக்கு நின்றது.
கோயில்குட்டி தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.
சொல்லை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.
பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல
மெதுவாக வாசித்துக் கடந்தேன்.
வெளியே வந்ததும் ஜெபக்கனி கேட்டாள்,
'தொண்டை கட்டிட்டோ?'

சாயங்காலம் ஆற்றுக்குப் போனேன்.
ஒரு ஆடி மாசம், லத்திக்குத் தப்பி
எஸ்டேட் சனம் இறங்கியது இந்தத் தண்ணீரில்.
எங்கள் சித்தியின் ஒற்றைச் செருப்பு மட்டும் வீடு வந்தது.
இதையும் அதையும் தராசில் வைக்கவில்லை.
அங்கே ஒரு ராஜ்ஜியமே உட்கார்ந்து
பட்டியல் போட்டுக் கொன்றது.
தராசு என் கையில் இல்லை.
கால்தான் இருக்கிறது.

படியில் ஒரு ஜோடி ரப்பர்.
நீல வார், பிஞ்சு அளவு.
தண்ணீருக்குள் யாரோ கும்மாளம்.
இருட்டியது. கொசு கடித்தது.
அந்தப் பிள்ளை கரையேறி
இடம் வலம் மாற்றி அதை மாட்டிக்கொண்டு ஓடும் வரை
நான் எழுந்திருக்கவில்லை.