கறுப்பு மணலுக்கு ஆறு நாள்

ருவைஸில் எங்கள் ஆறாம் மாடிக்குக்
கடல் தெரியும்.
பார்க்கக் காசில்லை, இறங்கத் தடையில்லை.
ஆகஸ்டில் இறங்கினால்
வடித்த கஞ்சியில் கால் வைத்த மாதிரி இருக்கும்,
அவ்வளவுதான்.

அதனால் இன்னொரு கடலுக்குப் பணம் சேர்க்கிறோம்.
எக்செல்லில் பதினேழு வரிகள்:
டிக்கெட், விசா, அறை வாடகை,
ரெனிஷாவுக்கு மிதவைச் சட்டை,
"இதர" என்று ஒரு கட்டம்.
அந்த இதரவுக்குள்
என் தம்பியின் கடன் உட்கார்ந்திருக்கிறது.
ஜெபஸ்டினுக்குத் தெரியும்.
தொகையை மட்டும் தடித்த எழுத்தாக்கிவிட்டுப்
பேசாமல் பல் தேய்க்கப் போனார்.

தீவின் பெயரை மகள் மூன்று விதமாகச் சொல்கிறாள்.
மூன்றும் தப்பு,
மூன்றும் உண்மைப் பெயரைவிட நன்றாக இருக்கின்றன.
நடுவில் ஒரு மலை, உச்சியில் புகை,
அடியில் கறுப்புக் கரை,
கரையில் வெள்ளைக் குடை,
குடைக்குத் தனி வாடகை.

"கறுப்பு மணலா?
மணவாளக்குறிச்சியில அதுலதானே பந்து ஆடினோம்.
பத்து மணிக்கு மேல மிதிக்க முடியாது. செருப்பு வாங்கு."
பதினெட்டாவது வரி: செருப்பு, மூன்று ஜோடி.

அபுதாபியிலிருந்து காப்பீட்டுக்காரர் பேசினார்.
பெட்டி தொலைந்தால் உண்டு, பல் உடைந்தால் உண்டு,
ஜெல்லி மீன் கடித்தாலும் உண்டு.
மலை வெடித்தால் மட்டும் இல்லை.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாதுதான்,
ஆனாலும் அந்த வரி வந்தபோது
அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
"அது தெரிஞ்சே போறதில்லையா மேடம்."

தெரிந்தேதான் போகிறோம்.

ஜெபஸ்டினுக்கு வேலையே நெருப்பு பார்ப்பது.
பன்னிரண்டு மணி நேரம், நாலு திரை.
ஃபிளேர் கோபுரத்தின் நாக்கு நீள்கிறதா,
கறுக்கிறதா,
கறுத்தால் யாரை எழுப்புவது.
"காசு கொடுத்து அங்கேயும் போய் நெருப்பா?"
"அங்க அது ஏன் எரியுதுன்னு
என்னை யாரும் கேக்க மாட்டாங்கல்ல."
பதினோரு வருடத்தில்
அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு
நான் பார்த்தது அப்போதுதான்.
அன்றிரவே அறைக்குப் பணம் கட்டினேன்.

ரெனிஷாவுக்கு வேறு சந்தேகம்:
மலைக்கு லீவு வெள்ளிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

நேற்று இரண்டு செய்தி, இரண்டும் மஞ்சள்.
தீவின் எச்சரிக்கை
பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏறியிருக்கிறது.
ஆலையின் ஷட்டவுன் அட்டவணையில்
நவம்பர் முழுக்க மஞ்சள் பூசிவிட்டார்கள்,
ஒருவருக்கும் விடுப்பு கிடையாது.

விடுதியின் விதிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.
மலை வெடித்தால் பாதிப் பணம் திரும்பும்.
கணவனுக்கு லீவு கிடைக்காததற்கு
அவர்களிடம் சொல்லே இல்லை.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
நான் மலையிடம் வேண்டிக்கொண்டேன்.
பெரிதாக வேண்டாம், யாருக்கும் அடிபட வேண்டாம்,
ஒரு இருமல். நவம்பர் ஒன்பதுக்குள்
ஒரே ஒரு இருமல்.
பிறகு அடிவாரத்தில் குடை வாடகைக்கு விடுகிறவரை நினைத்து
வேண்டுதலைத் திரும்ப வாங்கினேன்.
தூக்கம் வரவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஃபிளேர் உயர்ந்தது.
கூரை முழுக்கச் செங்கல் நிறம்.
அவருக்கு நைட் ஷிஃப்ட்.
அந்த வெளிச்சத்தின் கீழே எங்கோ
நாலு திரைக்கு முன்னால் இருக்கிறார்.
ரெனிஷா கண் திறக்காமல் கேட்டாள்,
"வந்துட்டோமா?"
"இன்னும் இல்ல. தூங்கு."

லேப்டாப்பைத் திறந்து
நவம்பர் இருந்த இடங்களில்
பிப்ரவரி என்று அடித்தேன்.
மொத்தத் தொகை சிவப்பானது.
தம்பிக்கு ஒரு செய்தி எழுதினேன், அனுப்பவில்லை.

செருப்பு வரியைத் தொடவில்லை.
அது புதன்கிழமையே வந்துவிட்டது,
கதவோரம் மூன்று ஜோடி.
ரெனிஷாவுடையது ஒரு சைஸ் பெரிது,
திருப்பி அனுப்ப வேண்டும் என்றிருந்தேன்.
இருக்கட்டும்.
பிப்ரவரியில் சரியாக இருக்கும்.