மூக்குக்கண்ணாடி உடைந்த பிறகு

அராக்தோஸ் ஆற்றின் கல்பாலத்தில்
என் கோவேறு கழுதை தும்மியது.
டக்வெல் துரையின் மூக்குக்கண்ணாடி
தண்ணீரைக் கிட்டப் பார்க்கக் குதித்துவிட்டது.
அன்றிலிருந்து நான் அவருடைய கண்.
நாளுக்கு எட்டு வெள்ளி.
கழுதைகளுக்கு ஐந்து, கண்ணுக்கு மூன்று
என்று நானே பிரித்துக்கொண்டேன்.

கைக்கெட்டும் தூரம் வரை அவருக்கு எல்லாம் தெரியும்.
முட்செடியில் முள்ளை எண்ணி எண்ணிப் போடுவார்.
அதற்கப்பால் பிண்டஸ் மலை முழுக்கப்
பால் சிந்திய மேசைதான்.

"ஸ்தெரியு, அந்த வெள்ளைப் புள்ளிகள்?"
"செம்மறிகள்."
"எத்தனை?"
"நாற்பது. ஒன்று நொண்டுகிறது."
சுண்ணாம்புப் பாறைகள் அவை.
நொண்டுகிறதையும் விடாமல் வரைந்தார்.
லண்டனில் எந்தச் சீமாட்டியின் சுவரிலோ
அந்தப் பாறை
இன்னும் நொண்டிக்கொண்டிருக்கும்.

பொய் சொல்ல வேண்டுமென்று தொடங்கவில்லை.
எனக்கு மலை சலித்துவிட்டது.
உப்பு ஏற்றிப் போகும்போதும்
கம்பளி ஏற்றி வரும்போதும்
அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.
காசையும் கொடுத்து, வெயிலிலும் காய்ந்து
அதைப் பார்க்க ஒருவர் கப்பலேறி வருவாரா?
வந்தார்.
வந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால்
குறைந்தா போய்விடும்.

காகிதம் பூராவும் பென்சில் எழுத்து.
எனக்கு எழுத்து தெரியாது, அவரே படித்துக்காட்டுவார்.
இங்கே கத்தரிப்பூ நிறம்.
இங்கே பழைய செம்பு.
இங்கே கோபம் வந்த பாதிரியின் காது.
ஊருக்குப் போய் வண்ணம் தீட்டும்போது
மறந்துவிடக் கூடாதாம்.

சத்திரத்தில் தெள்ளுப்பூச்சி எங்களைத் தின்ற இரவு
சத்திரக்காரன் மகள் கீராத்ஸா
வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தாள்.
துரை தன் உடைந்த கிரேக்கத்தில் எடுத்துவிட்டார்:

பன்னிரண்டு வெங்காயம் பாலத்தில் போச்சாம்
பதின்மூணாம் வெங்காயம் பாதியில நின்னுச்சாம்
உரிச்சவர் யாருன்னு பாலமும் கேட்டுச்சாம்
ஊருக்குப் போய்ச்சொல்றேன்னு உருண்டோடிப் போச்சாம்

கீராத்ஸா மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.
"என்ன அர்த்தம்?" என்றேன்.
"உரித்துப் பார்" என்றார்.

ஏழாம் நாள், கதாரா கணவாய்.
எதிர்ச்சரிவில் புகை.
"அது என்ன, ஸ்தெரியு?"

அதற்கடியில் என் தம்பி நாசு.
வரி கேட்டு வந்தவன் காதை அறுத்துவிட்டுப்
பனிக்காலத்தில் மலையேறியவன்.
முட்டாள், பட்டப்பகலில் ஆடு வாட்டுகிறான்.

"மேகம்" என்றேன்.
துரை பென்சிலைக் கடித்தார்.
காற்று எங்கள் பக்கம் திரும்பியது.
"மேகம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.
எழுதி முடித்தும்
கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறு குதிரையோடு
சுல்தானின் படைத்தலைவன் ஷெவ்கெத் மறித்தான்.
மலையைக் கணக்கெடுக்கிற உளவாளியோ என்று சந்தேகம்.
ஏட்டைப் புரட்டினான். நிமிர்ந்து சரிவைப் பார்த்தான்.
வானத்தில் புகை அடங்கியிருந்தது,
காகிதத்தில் மட்டும் போய்க்கொண்டிருந்தது.
சரியாக அங்கே விரலை வைத்தான்.
"இங்கே என்ன எழுதியிருக்கிறாய்? படி."

என் வயிற்றுக்குள் கழுதை உதைத்தது.
துரை காகிதத்தை மூக்கோடு ஒட்டிவைத்து
சாவகாசமாகப் படித்தார்:
"மேகம். வாட்டிய ஆட்டின் மணம்.
ரோஸ்மேரி கொஞ்சம் தூக்கல்."

ஷெவ்கெத் சேணத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.
ஆறு பேரும் சிரித்தார்கள்.
கடைசியாக நான்.
"இந்தப் பைத்தியத்தைப் பத்திரமாகக் கூட்டிப்போ"
என்று எனக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போனான்.

இரவு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டினேன்.

விடிந்ததும் குடையை விரித்தார்.
"ஸ்தெரியு, அந்த வெள்ளைப் புள்ளிகள்?"
கண்ணைக் கசக்கிவிட்டு
முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.
"பாறைகள், துரை."

"அடடா" என்றார்.
முகம் வாடிவிட்டது.
"ஒன்றாவது நொண்டுகிறதா?"